பிசி-8001

பிசி-8001 என்பது ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட 8-பிட்டு வீட்டுக் கணினி ஆகும். 1979 மே 9 அன்று அறிவிக்கப்பட்ட இக்கணினி, அதே ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் விற்பனைக்கு வந்தது. இதன் விலை 1,68,000 யென். விசைப்பலகை, முதன்மைச் சுற்றுப்பலகை, பேசிக் நிரல்மொழி ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கியிருந்ததாலும், திரையில் எட்டு நிறங்களைக் காட்டக்கூடியதாக இருந்ததாலும் இது பெரும் வரவேற்பைப் பெற்றது. ஏறத்தாழ 2,50,000 கணினிகள் விற்பனையாயின. ஜப்பானில் தனியாள் கணினிச் சந்தை உருவாவதற்கு வழிகோலிய கணினிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இக்கணினியின் பெயரில் உள்ள "பிசி" என்னும் இரண்டு எழுத்துகள் தனியாள் கணினி என்னும் பொருளைத் தருபவை. ஐபிஎம் நிறுவனத்தின் பிசி வெளியான 1981 ஆகஸ்டுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இப்பெயர் ஜப்பானில் வழக்கில் இருந்தது. பெயர் ஒத்திருந்தாலும் இவ்விரு கணினிகளுக்கும் வன்பொருள் அளவில் தொடர்பு எதுவும் இல்லை.

பின்னணி

என்.இ.சி. 1899 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மின்கருவி நிறுவனம் ஆகும். 1970களில் இந்நிறுவனம் பெருங்கணினிகளையும் அலுவலகக் கணினிகளையும் செய்துவந்தது. எனினும் பிசி-8001 கணினிப் பிரிவிலிருந்து தோன்றவில்லை. நுண்செயலிச் சில்லுகளை விற்கும் பொறுப்பில் இருந்த மின்னணு உறுப்புகள் பிரிவிலிருந்தே அது தோன்றியது.

அக்காலத்தில் நுண்செயலி புதிய பொருளாக இருந்தது. சில்லுகளை வாங்க வேண்டிய பொறியாளர்களுக்கே அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்பது தெரியவில்லை. ஆகவே நுண்செயலியின் இயக்கத்தைக் கற்பிப்பதற்கென டிகே-80 என்னும் பயிற்சித் தொகுதியை இப்பிரிவு 1976 ஆகஸ்டில் வெளியிட்டது. விற்பனைக் குழுவின் தலைவராக கசுயா வதனபே இருந்தார். தொகுதியை வடிவமைத்தவர் தோமியோ கோத்தோ.

டிகே-80 இன்று நாம் கணினி என்று அழைக்கும் பொருளைப் போன்றதன்று. அது திறந்த சுற்றுப்பலகை மட்டுமே. வாங்கியவர் உறுப்புகளைத் தாமே பற்றவைத்து இணைக்க வேண்டும். அதில் இன்டெல் 8080 உடன் ஒத்தியங்கும் நுண்செயலியும், 512 பைட்டு அளவுள்ள நினைவகமும், 25 விசைகளும், எட்டு இலக்கங்களைக் காட்டும் ஒளிரும் எண்காட்டியும் இருந்தன. நிரல்களைப் பதினாறடி எண்களாக ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளிட வேண்டும். இதன் விலை 88,500 யென்.

பொறியாளர்களுக்காகச் செய்யப்பட்ட இத்தொகுதியை, எதிர்பாராத வகையில், ஆர்வலர்கள் பெருமளவில் வாங்கினர். மாணவர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் வணிகர்களும் அவர்களுள் இருந்தனர். பயனர்களுக்கு உதவும்பொருட்டு 1976 செப்டம்பரில் தோக்கியோவின் அகிகபரா மின்பொருள் சந்தைப் பகுதியில், ரேடியோ கைக்கான் கட்டடத்தில், பிட்-இன் என்னும் சேவை நிலையம் திறக்கப்பட்டது. அங்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து ஒரு செய்தி தெளிவாயிற்று. பலர் கணினியைக் கட்டமைப்பதைவிட அதைப் பயன்படுத்தவே விரும்பினர். 1977 இல் டிகே-80 உடன் விசைப்பலகை, தொலைக்காட்சி இணைப்பு, பேசிக் மொழி ஆகியவற்றைச் சேர்க்கும் டிகே-80பிஎஸ் என்னும் விரிவாக்கம் வெளியானது. அதற்கடுத்த படியே பிசி-8001 ஆகும்.

சமகாலக் கணினிகள்

பிசி-8001 வெளியாகும் முன்னரே ஜப்பானில் வேறு இரண்டு கணினிகள் விற்பனையில் இருந்தன. இம்மூன்றும் சேர்ந்து 8-பிட்டுக் கணினிகளின் "மூன்று குடும்பங்கள்" எனப் பிற்காலத்தில் அழைக்கப்பட்டன.

- ஹிட்டாச்சி பேசிக் மாஸ்டர் (1978 செப்டம்பர்): மோட்டோரோலா 6800 வகை நுண்செயலியைக் கொண்டது. பேசிக் மொழி உள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது.
- ஷார்ப் எம்இசட்-80கே (1978 டிசம்பர்): இசட்80 நுண்செயலியைக் கொண்டது. திரையும் ஒலிநாடாப் பதிவியும் உடலோடு இணைந்திருந்தன. பகுதித் தொகுதியாக விற்கப்பட்டதால் வாங்கியவரே சில வேலைகளை முடிக்க வேண்டியிருந்தது. பேசிக் மொழியை ஒவ்வொரு முறையும் நாடாவிலிருந்து ஏற்ற வேண்டும்.
- என்.இ.சி. பிசி-8001 (1979 செப்டம்பர்): முழுமையாக இணைக்கப்பட்ட நிலையில் விற்கப்பட்டது. நிறத்திரை வசதி உண்டு. மின்னிணைப்புக் கொடுத்தவுடன் பேசிக் மொழி தொடங்கும்.

வன்பொருள்

பிசி-8001 இன் முதன்மைக் கூறுகள் வருமாறு:

- மையச் செயலி: இசட்80 உடன் ஒத்தியங்கும் என்.இ.சி.யின் சொந்தச் சில்லு, வேகம் 4 மெகாஹெர்ட்சு
- அழியா நினைவகம் (ரோம்): 24 கிலோபைட்டு, 32 கிலோபைட்டு வரை கூட்டலாம்
- எழுதத்தகு நினைவகம் (ராம்): 16 கிலோபைட்டு, பெட்டிக்குள்ளேயே 32 கிலோபைட்டு வரை கூட்டலாம்
- எழுத்துத் திரை: ஒரு வரியில் 80, 72, 40 அல்லது 36 எழுத்துகள், 25 அல்லது 20 வரிகள்
- வரைகலை: கிடைமட்டமாக 160, செங்குத்தாக 100 புள்ளிகள்
- நிறங்கள்: கறுப்பு, வெள்ளை உட்பட எட்டு
- ஒலி: ஒரே சுருதியில் ஒலிக்கும் எச்சரிக்கை ஒலி மட்டும்
- விசைப்பலகை: ஆங்கில எழுத்துகள், கத்தகானா எழுத்துகள், வலப்புறம் தனி எண் விசைகள், மேலே ஐந்து செயல் விசைகள்
- வெளியிணைப்புகள்: திரை, ஒலிநாடாப் பதிவி, அச்சுப்பொறி, விரிவாக்கப் பெட்டி

கணினியின் முக்கியச் சில்லுகள் பலவற்றை என்.இ.சி. தானே தயாரித்தது. சில்லுகளை விற்கும் பிரிவே கணினியை வடிவமைத்தமையால், இக்கணினி அச்சில்லுகளால் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டும் எடுத்துக்காட்டாகவும் அமைந்தது.

திரை இயங்கும் முறை

அன்றைய வீட்டுக் கணினிகளில் நினைவகமே விலைமிக்க உறுப்பு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக நிறத்தைக் குறித்து வைத்தால் நினைவகம் விரைவில் தீர்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, 640க்கு 200 புள்ளிகள் கொண்ட திரையில் எட்டு நிறங்களைக் காட்ட ஒரு புள்ளிக்கு 3 பிட்டு வீதம் 48,000 பைட்டு தேவை. பிசி-8001 இல் இருந்த நினைவகம் முழுவதுமே 16 கிலோபைட்டு, அதாவது 16,384 பைட்டுதான்.

இச்சிக்கலைத் தீர்க்க இக்கணினி திரையைப் புள்ளிகளாகக் கொள்ளாமல் எழுத்துக் கட்டங்களாகக் கொண்டது. ஒரு கட்டத்துக்கு ஒரு பைட்டு. அந்தப் பைட்டு எந்த எழுத்து என்பதை மட்டும் சொல்லும். எழுத்தின் வடிவம் தனிச் சில்லில் இருக்கும். நிறத்தைக் கட்டந்தோறும் குறிக்காமல், வரியில் நிறம் எந்த இடத்தில் மாறுகிறது, எந்த நிறமாக மாறுகிறது என்பதை மட்டும் குறித்து வைத்தனர். ஒரு வரியில் அத்தகைய மாற்றங்கள் 20 வரை இருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 2 பைட்டு வேண்டும்.

இதன்படி ஒரு வரிக்கு எழுத்துகளுக்காக 80 பைட்டும், நிற மாற்றங்களுக்காக 40 பைட்டும் சேர்ந்து 120 பைட்டு ஆகும். 25 வரிகளுக்கு 3,000 பைட்டு. முழு நிறத்திரையும் நினைவகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிட்டது.

வரைகலையும் இதே கட்டங்களைக் கொண்டே அமைந்தது. ஒரு கட்டத்தைக் கிடைமட்டமாக இரண்டாகவும் செங்குத்தாக நான்காகவும் பிரித்தால் எட்டுச் சிறு பகுதிகள் கிடைக்கும். ஒரு பைட்டில் உள்ள எட்டுப் பிட்டுகள் அவ்வெட்டுப் பகுதிகளுக்கும் சரியாகப் பொருந்தும். 80 கட்டங்களுக்கு 160 புள்ளிகளும், 25 வரிகளுக்கு 100 புள்ளிகளும் கிடைப்பது இவ்வாறே.

இம்முறைக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒரு வரியில் நிறம் 20 முறைக்கு மேல் மாற முடியாது என்பதால், பல நிறப் படங்களை நுணுக்கமாக வரைய இயலவில்லை. அடுத்ததாக, திரைக்கான 3,000 பைட்டும் முதன்மை நினைவகத்திலேயே இருந்தமையால், நொடிக்கு ஏறத்தாழ 60 முறை அவற்றை அங்கிருந்து எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இது நொடிக்கு 1,80,000 பைட்டு ஆகும். இதற்கென இருந்த தனிச் சில்லு நினைவகத்தைப் பயன்படுத்தும் வேளைகளில் மையச் செயலி காத்திருக்க வேண்டும். இதனால் செயலியின் முழு வேகமும் நிரலுக்குக் கிடைக்கவில்லை. நீண்ட கணக்கீடுகளின்போது திரையைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு வேகத்தைக் கூட்டும் உத்தியைப் பயனர்கள் கையாண்டனர்.

என்-பேசிக்

ரோமில் பதிக்கப்பட்டிருந்த நிரல்மொழி என்-பேசிக் எனப்பட்டது. இதை எழுதியது அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனம். என்.இ.சி.க்குள்ளேயே எழுதப்பட்ட பேசிக் ஒன்றும் இருந்தது. எனினும் பிற கணினிகளிலும் பரவிவந்த மைக்ரோசாப்ட் பேசிக்கை ஏற்றால், ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களையும் நூல்களையும் பயன்படுத்த முடியும் என்பதால் அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜப்பானில் மைக்ரோசாப்டின் சார்பாளராக அக்காலத்தில் செயற்பட்டது ஆஸ்கி நிறுவனம் ஆகும். ஆஸ்கியை நிறுவியவர்களுள் ஒருவரான கசுகிக்கோ நிஷி இவ்வுடன்பாட்டில் பங்காற்றினார்.

மின்னிணைப்புக் கொடுத்தவுடன் பேசிக் தொடங்கிவிடும். பயனர் வரி எண்களுடன் கட்டளைகளைத் தட்டி, உடனே இயக்கிப் பார்க்கலாம். திரையில் தெரியும் எந்த வரிக்கும் சுட்டியைக் கொண்டுசென்று அங்கேயே திருத்தலாம். நிறம், புள்ளி, கோடு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டளைகள் இருந்தன. பேசிக்கின் வேகம் போதாதவர்கள், உள்ளமைந்த கண்காணிப்பு நிரலின் வழியாக இயந்திரமொழியில் நேரடியாக எழுதினர்.

சேமிப்பும் துணைக்கருவிகளும்

அடிப்படைச் சேமிப்பு ஊடகம் சாதாரண ஒலிநாடா. தரவுகள் நொடிக்கு 600 பிட்டு வேகத்தில் ஒலியாக மாற்றப்பட்டுப் பதிவாகும். 10 கிலோபைட்டு நிரல் ஒன்றை ஏற்ற ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் ஆகும்.

வேகம் வேண்டுவோருக்காக 5.25 அங்குல நெகிழ்வட்டு இயக்கிகள் இரண்டைக் கொண்ட பிசி-8031 என்னும் துணைக்கருவி விற்கப்பட்டது. இந்த இயக்கிப் பெட்டிக்குள் தனியாக ஒரு நுண்செயலி இருந்தது. வட்டிலிருந்து படிப்பதும் எழுதுவதும் அதன் பொறுப்பு. அச்சுப்பொறிகள், திரைகள், விரிவாக்கப் பெட்டிகள் ஆகியவற்றையும் என்.இ.சி. விற்றது.

பிற நிறுவனங்களும் துணைக்கருவிகளைச் செய்தன. 1980 இல் தொடங்கப்பட்ட ஹால் ஆய்வகம் பிசிஜி-8100 என்னும் கருவியை விற்றது. ரோமில் நிலையாக இருந்த எழுத்து வடிவங்களுக்குப் பதிலாகப் பயனர் தாமே வரைந்த வடிவங்களைத் திரையில் காட்ட இது உதவியது. ஒரு கட்டத்தில் 2க்கு 4 பகுதிகள் என்னும் எல்லையைக் கடந்து, 8க்கு 8 புள்ளி நுணுக்கத்தில் விளையாட்டு உருவங்களை அமைக்க முடிந்தது.

எழுத்துச் சிக்கல்

பிசி-8001 இல் ஆங்கில எழுத்துகளோடு கத்தகானா எழுத்துகளும் இருந்தன. ஆயினும் ஜப்பானியர் நாள்தோறும் எழுதும் முறையில் ஜப்பானிய மொழியை அதில் எழுத முடியாது.

ஜப்பானிய மொழி மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதப்படுகிறது. ஹிரகானாவும் கத்தகானாவும் ஒலியைக் குறிப்பவை. கான்ஜி என்பது சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து முறை. ஒரு பைட்டில் 256 குறியீடுகள் மட்டுமே அடங்கும். 1969 இல் ஜப்பானியத் தொழில்துறைத் தரம் ஒரு பைட்டுக்குள் 63 கத்தகானாக் குறிகளுக்கு இடம் ஒதுக்கியது. பிசி-8001 அத்தரத்தைப் பின்பற்றியது. இடத்தைச் சுருக்குவதற்காக "க", "ப" போன்ற ஒலிகளின் அழுத்தத்தைக் காட்டும் குறியும் தனி எழுத்தாகக் கருதப்பட்டு, தனிக் கட்டத்தைப் பிடித்தது.

கத்தகானாவில் மட்டும் எழுதினால் பொருள் மயக்கம் ஏற்படும். எடுத்துக்காட்டாக, "ஹஷி" என்று ஒலிக்கும் சொல் பாலம், உணவுக்குச்சி, ஓரம் ஆகிய மூன்று பொருள்களையும் தரும். கான்ஜியில் எழுதும்போது இவை மூன்று வெவ்வேறு எழுத்துகள். தந்திகளைக் கத்தகானாவில் படித்துப் பழகியிருந்த அக்காலத்தவருக்கு இது புதிதன்று. ஆனால் கடிதமோ அறிக்கையோ எழுத இது போதவில்லை.

1978 இல் வெளியான புதிய தரம் இரண்டு பைட்டுக் குறியீட்டைப் பயன்படுத்தி 6,802 எழுத்துகளை வரையறுத்தது. அவற்றுள் 6,349 கான்ஜி எழுத்துகள். ஆகவே குறியீடு என்னும் அளவில் தீர்வு பிசி-8001 வெளியாகும் முன்னரே கிடைத்துவிட்டது. தடையாக இருந்தது வன்பொருளே. இதைக் கீழ்வரும் கணக்கு விளக்கும்.

- ஒரு கான்ஜி எழுத்தைத் தெளிவாகக் காட்டக் குறைந்தது 16க்கு 16 புள்ளிகள் வேண்டும். இது 256 பிட்டு, அதாவது 32 பைட்டு.
- அன்றாடப் பயன்பாட்டுக்கான முதல் நிலைக் கான்ஜி எழுத்துகள் 2,965. இவற்றின் வடிவங்களைச் சேமிக்க 94,880 பைட்டு தேவை. இது பிசி-8001 இன் ரோம் முழுவதையும் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு.
- பிசி-8001 இன் 160க்கு 100 புள்ளித் திரையில் வரைந்து காட்டினாலும் வரிக்கு 10 எழுத்து வீதம் 6 வரிகள், ஆக 60 எழுத்துகளே அடங்கும்.
- 640க்கு 400 புள்ளித் திரையில் வரிக்கு 40 எழுத்து வீதம் 25 வரிகள், ஆக 1,000 எழுத்துகள் அடங்கும்.

இதனால் ஜப்பானியக் கணினிகள் தொடக்கத்திலேயே கூடுதல் நுணுக்கமுள்ள திரையையும், கான்ஜி வடிவங்களுக்கான தனி ரோம் சில்லுகளையும் நாடின. வெளிநாட்டுக் கணினிகள் ஜப்பானில் எளிதில் நுழைய முடியாமற்போனதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

பயனர்கள்

அக்காலத்தில் வீட்டுக் கணினி ஜப்பானில் "மைக்கான்" எனப்பட்டது. மைக்ரோ கணினி, என் கணினி ஆகிய இரு பொருளையும் இச்சொல் தாங்கியது. விலை காரணமாகக் கணினி வாங்க இயலாத இளைஞர்கள் தம்மை "நைக்கான்" என்று வேடிக்கையாக அழைத்துக்கொண்டனர். ஜப்பானிய மொழியில் "நை" என்பது இல்லை என்று பொருள்படும். இவர்கள் மின்பொருள் கடைகளில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த கணினிகளின் முன் நின்று நிரல்களைத் தட்டிப் பார்த்தனர்.

இக்கற்றலுக்கு இதழ்கள் துணைநின்றன. 1976 இல் தொடங்கிய ஐ/ஓ, 1977 இல் தொடங்கிய ஆஸ்கி ஆகிய இதழ்கள் நிரல்களை முழுமையாக அச்சிட்டன. படிப்பவர் பக்கம் பக்கமாக எண்களைத் தட்டி உள்ளிட வேண்டும். ஒரு எண் பிழைத்தாலும் நிரல் இயங்காது. அப்பிழையைத் தேடும் முயற்சியிலேயே பலர் நிரலாக்கத்தைக் கற்றனர்.

வழிவந்த கணினிகள்

- பிசி-6001 (1981): வீட்டுப் பயன்பாட்டுக்கான மலிவான கணினி. விலை 89,800 யென்.
- பிசி-8801 (1981): 640க்கு 200 புள்ளிகளில் எட்டு நிறங்கள், ஒரே நிறத்தில் 640க்கு 400 புள்ளிகள். கான்ஜி ரோமைச் சேர்க்கலாம். பிசி-8001 இன் நிரல்களை இயக்க என்-பேசிக்கும் உள்ளே இருந்தது.
- பிசி-9801 (1982): 16-பிட்டுக் கணினி. விலை 2,98,000 யென். இது சில்லு விற்பனைப் பிரிவிலிருந்து அன்றி, என்.இ.சி.யின் கணினிப் பிரிவிலிருந்து வெளிவந்தது. ஜப்பானிய அலுவலகங்களில் நீண்டகாலம் கோலோச்சியது.
- பிசி-8001எம்கே2 (1983), பிசி-8001எம்கே2எஸ்ஆர் (1985): பிசி-8001 இன் மேம்பட்ட வடிவங்கள்.

பிசி-9801 வகையின் வலிமைகளுள் ஒன்று, கான்ஜி எழுத்துகளை வன்பொருளின் துணையால் விரைவாகக் காட்டியது ஆகும். 1990 இல் ஐபிஎம் ஜப்பான் வெளியிட்ட டாஸ்/வி இயங்குதளம், தனி ரோம் இல்லாமல் மென்பொருளாலேயே கான்ஜி எழுத்துகளை வரைந்து காட்டியது. செயலிகளின் வேகமும் நினைவகத்தின் அளவும் அதற்குள் பெருகியிருந்தமையால் இது இயன்றது. அதன்பின் உலகப் பொதுக் கணினிகள் ஜப்பானியச் சந்தையில் நுழைந்தன. 1997 இல் என்.இ.சி.யும் அவ்வழிக்கு மாறியது.

மரபு

பிட்-இன் நிலையம் 2001 இல் மூடப்பட்டது. பிசி-8001 வெளியாகி 40 ஆண்டுகள் நிறைவுற்ற 2019 ஆம் ஆண்டில், அதன் உருவைச் சிறிதாக்கிய மாதிரிக் கணினி ஒன்று வெளியிடப்பட்டது. ஒரு காலத்தில் பிசிஜி-8100 கருவியைச் செய்த ஹால் ஆய்வகமே இதையும் உருவாக்கியது. என்-பேசிக்கில் எழுதப்பட்ட பழைய நிரல்களை இதில் இயக்கலாம்.